தூங்குவதற்கு வேண்டிய விசுவாசம்

தம்பி, இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு படி. பஸ்ஸில் வரும்போது பிரிக்காதே. ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, பிறகு உட்கார்ந்து படி. நாம் தினமும் போனில் பேசத்தான் செய்கிறோம். "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்கிறாய், "ஆச்சுப்பா" என்கிறேன். "அம்மா?" என்கிறாய், "அப்படியேதான் இருக்கா" என்கிறேன். பொங்கலுக்குப் பிறகு நம் பேச்சு இந்த நாலு வரியைத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயால் பேசும்போது எனக்குப் பொய் சுலபமாக வருகிறது. எழுதும்போது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டில் தப்பைச் சுழித்த கை இது. தன் தப்பைப் பார்த்தாலும் அதனால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை மதியம் உன் அம்மாவை நான் அடித்தேன். கன்னத்தில்.

இந்த வரியை நீ இரண்டாவது தடவை படிப்பாய் என்று தெரியும். நானும் எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தேன். நீ பிறந்ததிலிருந்து உன் அம்மா மேல் நான் கை ஓங்கி நீ பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்பு வைத்திருந்தேன், வீட்டுக்கு அதைக் கொண்டுவந்ததில்லை. அப்படிப்பட்டவன் எழுபது வயதில், தான் யார் என்பதே தெரியாத ஒரு பெண்ணை அடித்திருக்கிறேன் என்றால் அது ஒரு மதியத்தில் நடந்த காரியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. அதை ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் புரியும்.

நம் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்து ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வார்கள். எடுத்த அட்டையில் உள்ள வசனம் அந்த வருஷம் முழுவதும் நமக்கு. சின்னவனாக இருந்தபோது நீ ஒரு வருஷம் உன் அட்டை பிடிக்கவில்லை என்று திரும்பத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாய். "ஆண்டவர்கிட்டயே பேரம் பேசுறியாடா?" என்று அம்மா உன் காதைத் திருகினாள். ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த அட்டையில் கழுகுப் படம் போட்டிருந்தது. காத்திருக்கிறவர்களுக்குப் புதுப் பெலன் கிடைக்கும், அவர்கள் கழுகைப் போல எழும்புவார்கள் என்ற வசனம். அம்மாவுக்கு மறதி தொடங்கி அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. அடுப்பை அணைக்க மறந்து, பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்து, அந்த மார்கழியில் என் பெயரையும் மறந்திருந்தாள். எனக்கென்றே அனுப்பிய அட்டை அது என்று நினைத்தேன். கண்ணாடியில் சொருகி வைத்தேன்.

அடுத்து வந்த சாட்சி ஞாயிறில், ஆண்டவர் தனக்குச் செய்ததை ஆளாளுக்குச் சொல்லும்போது, நானும் எழுந்து நின்றேன். "ஒரு ஆளால இவங்களப் பாத்துக்க முடியாது, மாத்தி மாத்தி ரெண்டு பேராவது வேணும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா கர்த்தர் எனக்கு தினம் தினம் புதுப் பெலன் குடுத்துகினு இருக்காரு. நான் களைக்கவே இல்ல" என்றேன். சபை முழுவதும் கைதட்டியது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அது பெரிய பொய் இல்லை. கால் பங்கு களைப்பை மறைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் மறுபடியும் எழுந்து அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் களைப்பு கூடியது, சாட்சியும் கூடவே வளர்ந்தது. ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கும் யோசேப்பு என்னைப் பார்த்தாலே, "இன்னா கழுகு சார், இன்னிக்கு எவ்ளோ ஒசரத்துல பறக்கிறீங்க?" என்று கேட்பான். கிண்டல்தான். ஆனாலும் அந்தப் பட்டப்பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு வாத்தியார், நெட்டை வாத்தியார் என்று எத்தனையோ பெயர் வாங்கியிருக்கிறேன். அதுவரை கழுகு என்று யாரும் கூப்பிட்டதில்லை.

அந்தச் சாட்சியால் என்ன ஆயிற்று என்று கேள். அதுவரை மாதர் சங்கத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் இரண்டு பேர் வந்து அம்மாவோடு உட்காருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் கடைக்குப் போவேன், முடி வெட்டிக்கொள்வேன், சும்மா ஆற்றுப் பாலம் வரை நடந்து வருவேன். சாட்சிக்குப் பிறகு அது ஒரு நாளாகி, பிறகு நின்றுபோயிற்று. சங்கத் தலைவி அம்மாள் யாரிடமோ, "அவருக்குக் கர்த்தரே நேரா பெலன் தர்றாரு, நடுவுல நாம இன்னாத்துக்கு?" என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. களைக்கவில்லை என்று ஒருவன் ஒலிபெருக்கியில் சொன்னால் களைக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ வாயைத் திறந்து, வாங்கம்மா என்று கூப்பிட முடியவில்லை. சாட்சி சொன்னவன் மறுமாதமே முடியவில்லை என்று வந்து நின்றால் அவன் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனவன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் நீ பொங்கலுக்கு வந்தாய், கையில் ஒரு படிவத்தோடு. வேலூர்ப் பக்கம் மறதி வந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அங்கேயே விட்டுவிடச் சொல்லி நீ கேட்கவில்லை. "பதினஞ்சே நாளுப்பா. அம்மாவ நல்லா பாத்துக்குவாங்க. நான் நேர்ல போயி பாத்துட்டுதான் வந்தேன். நீங்க அந்தப் பதினஞ்சு நாளும் தூங்குங்க" என்றாய். நான் என்ன செய்தேன்? "உனக்கு விசுவாசம் இல்ல. சபைப் பக்கமே வராதவன், எனக்கு வழி சொல்ல வந்துட்டியா?" என்று கேட்டுப் படிவத்தை உன் கண் முன்னால் கிழித்தேன். நீ கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "தூங்கறதுக்குக் கூடவாப்பா விசுவாசம் வேணும்?" என்று கேட்டாய். இலையில் போட்டது போட்டபடி இருந்தது. நீ சாப்பிடாமல் களம்பூர் பஸ் பிடித்துப் போய்விட்டாய். அந்தக் கேள்வியை இந்த மூன்று மாதமும் நான் சுமந்துகொண்டுதான் இருந்தேன். பதில் கிடைத்தது போன வியாழக்கிழமைதான். அதற்கு வருகிறேன்.

உதாரணம் சொல்லாமல் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். கரும்பலகையைத் துடைக்கும் டஸ்டரை எடுத்துக்கொள். காலையில் துடைத்தால் பலகை கறுப்பாகத் தெரியும். மூன்றாவது பீரியடுக்குள் அது சாக்பீஸ் தூளைக் குடித்துக் குடித்து நிறைந்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் பலகை சுத்தமாகாது, வெள்ளைதான் பரவும். வெளியே கொண்டுபோய்ச் சுவரில் நாலு தட்டுத் தட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. நான் தட்டாத டஸ்டராக இருந்தேன் தம்பி. அம்மாவைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், ஈரத் துணியை மாற்றினேன். ஆனால் தொட்ட இடமெல்லாம் என் எரிச்சல்தான் ஒட்டியது. "கைய நீட்டு" என்று சொல்வதற்குள் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். சீப்பு சிக்கினால் நின்று பிரிக்காமல் இழுத்து வாரியிருப்பேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிரசங்கத்தில் உதாரணம் காட்டுகிற அளவுக்குத்தான் இருந்தது.

மதியம் இரண்டு மணி ஆனால் அம்மாவுக்கு சந்தவாசல் நினைவு வந்துவிடும். அவள் பிறந்த ஊர். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பஸ்ஸு போயிடும்" என்று கதவுப் பக்கம் போவாள். இரண்டு தடவை பஸ் நிலையம் வரைக்குமே போய்விட்டாள். அதனால்தான் வெளியே போக நேர்ந்தால் பூட்டுப் போட்டுக்கொண்டு போகப் பழகியிருந்தேன். அந்த வியாழக்கிழமை சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயிலிருந்ததை என் சட்டையில் துப்பினாள். மாற்றினேன். மறுபடி துப்பினாள். இடையிடையே, "நீ யாரு? எங்க வூட்டுக்காரரு எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையோ தெரியாது. கேட்டாள், என் கை அவள் கன்னத்துக்குப் போய்விட்டது. தட்டு கவிழ்ந்தது. அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு வாத்தியாரு. அவரு வரட்டும். உன்ன சும்மா வுட மாட்டாரு."

என்னிடமிருந்து காப்பாற்ற என்னையே கூப்பிடுகிறாள். கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு நடந்தேன். எங்கே போகிறேன் என்று தீர்மானித்துப் போகவில்லை. கால் ஆலயத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த நேரத்தில் அங்கே யோசேப்பைத் தவிர யாரும் இல்லை. முன்னால் பெண்கள் உட்காரும் பாயில் முழங்கால் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் எழுந்து நின்றால் மடை திறந்த மாதிரி ஜெபம் பண்ணுகிறவனுக்கு "ஆண்டவரே" என்ற ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. நெற்றியைப் பாயில் வைத்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெயில் மேற்கு ஜன்னலுக்கு வந்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டதில்லை. யோசேப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "எழுந்தீங்களா? மூச்சு வருதான்னு ரெண்டு வாட்டி வந்து பாத்தேன் சார்" என்றான். "ஏம்பா எழுப்பல?" என்றேன். "கழுகு எறங்கியிருக்குது, கொஞ்சம் உக்காரட்டும்னு வுட்டுட்டேன்" என்றான். பிறகு வெளியே போய் ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்து கையில் கொடுத்தான். "என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை. பன்னில் பாதியைத் தின்றபோதுதான் எனக்கு அந்தத் தீர்க்கதரிசியின் கதை ஞாபகம் வந்தது. ஞாயிறு பள்ளியில் உனக்கும் நான் சொல்லியிருக்கிறேன். வனாந்தரத்தில் ஒரு செடிக்குக் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர். நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் திரும்ப எழுந்து பல நாள் நடந்த வீரத்தைத்தான் சொல்வேன். நடுவில் இருந்ததைத் தாண்டிப் போய்விடுவேன். அவர் தூங்கினார். ஒரு தேவதூதன் எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். அப்போதும் அவரைக் கண்டிக்கவில்லை. மறுபடியும் சாப்பாடுதான். ஆண்டவர் கேள்வி கேட்டதெல்லாம் அதற்கப்புறம். நான் வாழ்க்கை முழுவதும் பெலன் தாரும், பெலன் தாரும் என்றுதான் கேட்டிருக்கிறேன். தூங்க வையும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் பூட்டு நினைவுக்கு வந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் அவளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். பன்னைப் போட்டுவிட்டு ஓடினேன். இந்த வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு.

கதவு திறந்திருந்தது. பூட்டு உடைந்து வாசலில் கிடந்தது. உள்ளே பக்கத்து வீட்டுக் கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து. கஸ்தூரியை உனக்குத் தெரியும், நம் சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுத்தறி நெய்கிறவள். "எங்க சார் போயிட்டீங்க? அம்மா சுவத்தத் தட்டிகினே கீறாங்க. அடிக்கிறான் அடிக்கிறான்னு சத்தம். திருடன்தான் பூந்துட்டான்னு கயித்தக்கூடத் தளர்த்தாம ஓடியாந்தேன். எங்க வூட்டுக்காரருதான் பூட்ட ஒடச்சாரு" என்றாள். "திருடன் இல்லம்மா. நான்தான்" என்றேன். அவள் சீப்பை நிறுத்தவில்லை. "தெரியும் சார். கன்னத்துல வெரலு பதிஞ்சு கீது" என்றாள்.

அவள் வாரிக்கொண்டே பேசினாள். "ஆறாங்கிளாஸ்ல என்ன பெஞ்சு மேல ஏத்தினீங்களே, ஞாபகம் கீதா சார்?" இருந்தது. விடியற்காலையிலேயே எழுந்து வீட்டில் பட்டு நூல் சுற்றிவிட்டு வந்து முதல் பீரியடில் தூங்கி விழுவாள். நூல் சுற்றியது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பெஞ்சு மேல் ஏற்றினால் தூக்கம் போய்விடும் என்பது என் வழக்கம். "பெஞ்சு மேல நின்னுகினே தூங்கினேன். நீங்களும் அப்படித்தான் சார் ரெண்டு வருசமா. சுவத்துக்கு அந்தாண்ட கீற எனக்குக் கேக்காதா? உங்க கோயில்காரங்க பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன். ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருக்க மாட்டேனா?" என்றாள். அவளிடம் நான் ஏன் குரல் கொடுக்கவில்லை தெரியுமா? நம்முடைய ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்று அவளுக்கு நான் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குச் சுவர் வழியாகக் கேட்டதெல்லாம் என் அதட்டல்தான்.

அப்போது அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. வருஷக்கணக்காக அப்படி நான் பார்க்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றாள். என்னைத்தான். வாத்தியாரை. "ஒரு ஆளு வந்தான். என்ன அடிச்சிட்டான். நீங்க எங்க போயிட்டீங்க?" நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே அவன் வரமாட்டான்" என்றேன். "நெசமாவா?" என்றாள். "நெசமா" என்றேன். கஸ்தூரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தத் தெளிவு ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. உடனே சந்தவாசல் பஸ் போய்விட்டதா என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். தறியை விட்டு எழுந்திருக்கும்போது பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள், உனக்குத் தெரியும். இவள் நம் வீட்டுக்கு ஓடி வந்தவள், அம்மாவுக்கு ஊட்டி, தன் வீட்டுக்குச் சமைத்து, அன்றைக்கு அதை மறந்தே போனாள். இந்தக் காய்கிற வெயிலில் இறுகி நின்ற பட்டு இழைகள் அங்கங்கே அறுந்து தொங்கின. அவளும் புருஷனும் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடி போட்டார்கள். இதையும் உதாரணமாக்கிவிடலாம் என்று என் வாத்தியார் புத்திக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். அறுந்தது அவளுடைய இழை. நான் கேட்காமல் விட்ட உதவிக்கு அவளுடைய அரை நாள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பூட்டு வாங்கி, அதன் இரண்டாவது சாவியைக் கஸ்தூரியிடம் கொடுத்து, அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு ஆலயத்துக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். "ரெண்டு வருஷமா இங்க நின்னு நான் சொன்னதுல பாதி பொய். நான் களைச்சுப்போயிட்டேன். என் சம்சாரத்த நான் அடிச்சிட்டேன். எனக்கு உதவி வேணும்" என்றேன். கைதட்டல் இல்லை, அல்லேலூயா இல்லை. யாரோ இருமினார்கள். பாட்டு நடத்துகிறவர் அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தார். வெளியே வந்ததும் சங்கத் தலைவி அம்மாள், "ஜெபிக்கிறோங்க ஐயா" என்றார்கள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் தனியா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். இன்றைக்குப் புதன்கிழமை. இதுவரை யாரும் வரவில்லை. வருவார்களாக இருக்கும். யோசேப்பு மட்டும் நேற்று வழியில் பார்த்து, "இனிமே கழுகு சார்னு கூப்புட மாட்டேன்" என்றான். "ஏம்பா, வருத்தமா?" என்றேன். "இல்ல சார், வெறும் சாருன்னே போதும்" என்றான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பாவுக்கு விடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்த மூன்று மணி நேரத் தூக்கத்தின் தெம்பு இரண்டு நாள் வந்தது. சனிக்கிழமையே தீர்ந்துவிட்டது. நேற்று மதியம் அவள் மறுபடியும் துப்பியபோது என் கை மறுபடியும் மேலே போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குணமாக மாட்டாள். டாக்டர் சொல்லிவிட்டார், எனக்கும் கண் இருக்கிறது. வரும் நாட்கள் இன்றையதைவிட மோசமாகத்தான் இருக்கும். அதற்கு வேண்டிய பெலன் என்னிடம் இல்லை, வரும் என்று நம்புகிற மாதிரியும் இல்லை. கண்ணாடியில் இருந்த கழுகு அட்டையை எடுத்து வேதத்துக்குள் வைத்துவிட்டேன். கிழிக்கவில்லை. அந்த வசனத்தின் மேல் தப்பில்லை, அதைப் பதக்கம் போலச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தவன் மேல்தான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தூங்குவதற்குக் கூடவா விசுவாசம் வேண்டும் என்று கேட்டாய். ஆமாம் தம்பி. தூங்குவதற்குத்தான் வேண்டும். விழித்திருக்க வீம்பு போதும், எனக்கு அது நிறைய இருந்தது. காக்கிறவர் உறங்குவதில்லை என்று சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டு, அவருக்குப் பதிலாக நான் கண் விழித்திருந்தேன். நான் கண்ணை மூடினாலும் அவள் இருப்பாள், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினால்தானே ஒருவன் தூங்க முடியும்? அந்த நம்பிக்கை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அதை மறைக்கத்தான் அவ்வளவு பெரிய சாட்சி. "அன்னிக்கு நீங்க தூங்கினப்போ அம்மா சுவத்தத் தட்டிகினு இருந்தாங்களே, அப்போ அவர் எங்க இருந்தாரு?" என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அவர் விழித்திருந்தார் என்று மேடையில் சொல்கிற தைரியம் இப்போது எனக்கு இல்லை. கஸ்தூரி விழித்திருந்தாள். அது மட்டும் தெரியும். அவர் தந்த இளைப்பாறுதல் என்று நான் கைகாட்ட முடிந்தது ஒரு பாய், ஒரு மின்விசிறி, பாதி பன். நான் கேட்டதைவிடச் சின்னது. ஆனால் அது பொய் இல்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. இருந்தாலும் ஒன்று மட்டும். களைத்துப்போனால் அன்றைக்கே உன் மனைவியிடம் சொல்லிவிடு. களைக்கவில்லை என்று யாரிடமும் பெயர் வாங்கிவிடாதே. வாங்கின பெயரைக் காப்பாற்ற வேண்டிவரும். அப்புறம் யாராவது அடி வாங்குவார்கள். சபைக்கு வா என்று கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. வந்தால் சந்தோஷம். உனக்கு விசுவாசம் இல்லை என்று சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பொங்கலன்றைக்கு நம் இரண்டு பேரில், அம்மாவை வேறு கையில் நம்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தவன் நீதான்.

அந்தப் படிவத்தை இன்னொன்று வாங்கி வா. கையெழுத்துப் போடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது, பேனாவை எடுத்தால் கை என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. கிழிக்க மாட்டேன். அதை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை உனக்கு லீவு என்று தெரியும். காலை பஸ்ஸில் வா. வந்து கதவைத் தட்டாதே, வெளியில் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், சாவி கஸ்தூரி வீட்டில் இருக்கும். கஞ்சி அடுப்பு மேல் இருக்கும், ஆறவைத்துக் கொடு. துப்பினால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கொடு. உன்னை யாரு என்று கேட்டால் வாதம் பண்ணாதே, பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இரு. இரண்டு மணிக்குப் பஸ் கேட்பாள். "இன்னிக்கு லேட்டும்மா" என்று சொன்னால் உட்கார்ந்துகொள்வாள், கஸ்தூரி கண்டுபிடித்தது. நான் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பேன். எழுப்பாதே.

இன்னொன்றும் கேட்பாள். எல்லாவற்றையும் மறக்கிறவள் இதை மட்டும் மறக்கவில்லை. "அந்த ஆளு இன்னிக்கு வந்தானா?" என்று தினமும் கேட்கிறாள். "வரலம்மா" என்று சொல். நான் தூங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் அது உண்மையாகவே இருக்கும்.

அப்பா